பயணி தனகோட்டி எங்கிருந்தாலும் உடனே வரவும்

போன வாரம் சென்னை விமான நிலையத்தில் என் மாமனாரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அவர் காலமாகி வருடக்கணக்கு ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவர் ஏறிய அதிகபட்ச உயரம், எங்கள் பாண்டி உப்பளம் வீட்டு மொட்டை மாடி!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எனக்கே இன்னும் தலை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதினாலாவது தெளிகிறதா, பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் முருகையனுக்கு உழவர்கரையில் ஃபேன், மோட்டார், மிக்ஸி ரிப்பேர் கடை. கரண்ட் வருகிறதா இல்லையா என்பதைப் புறங்கையால் தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆள். நான் கத்துவேன். அவர் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஏரோப்ளேன் என்று சொன்னால் மட்டும் நாக்கு உலர்ந்துவிடும். டெல்லியில் நடந்த கல்யாணத்துக்குக்கூட ரயிலில் போய், சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு மொய் எழுதிவிட்டு வந்தவர்.

எங்கள் மகள் யாழினி ஆறாவது படிக்கிறாள். அந்தமான் போக வேண்டும், பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று அவள் நச்சரிக்காத லீவு இல்லை. கப்பலில் போகலாம் என்றார் இவர். திரும்பி வருவதற்குள் ஸ்கூல் திறந்துவிடும் என்றாள் அவள். கடைசியில் இந்த லீவில்தான் மனம் இறங்கினார். அதுவும் கண்டிஷனோடு.

"சரி, வர்றேன். ஆனா ஃப்ளைட்ல நீ என் பக்கத்துலயே ஒக்காரணும் வசந்தா. ஏர்றப்பவும் எறங்கறப்பவும் கைய புடிச்சிக்கணும். இல்லன்னா நான் வரல."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் டிக்கெட் போடுகிறோம், மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்களா என்ன?

மாட்டார்களாம்! டிக்கெட் போட்டு முடித்ததும் ஸ்க்ரீனில் ஒரு படம் வந்தது. கட்டம் கட்டமாக, கலர் கலராக. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதற்குத் தனியாகப் பணம். ஜன்னல் என்றால் ஒரு விலை, ஓரம் என்றால் ஒரு விலை, கால் நீட்டிக்கொள்ள இன்னொரு விலை.

"டிக்கெட்டுக்குத் தமிழ்ல என்னா? சீட்டு. சீட்டுதான் வாங்கியாச்சே, அப்புறம் சீட்டுக்கு எதுக்குத் தனியா துட்டு? டிக்கெட்ட வாங்கிட்டு நின்னுக்கினே போவச் சொல்றானா?" என்றார் அவர்.

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா? காலாப்பட்டு பஸ்ஸாக இருந்தால் ஜன்னல் வழியாக ஒரு கர்ச்சீஃபைப் போட்டு மூன்று சீட் பிடித்திருப்பேன். இதில் ஜன்னலே திறக்காது. காசு கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள்... கொள்கை!

பிறகு ஆரம்பித்தது ஆலோசனை மழை.

காலாப்பட்டில் இருக்கும் என் தம்பி, "வெப் செக்-இன் தொறந்த ஒடனே உள்ள பூந்துடுக்கா. லேட்டானா நடு சீட்டுதான்" என்றான். மாடி வீட்டு மார்த்தா அக்கா நேர் எதிர். அவர் தம்பி, தங்கை எல்லோரும் பிரான்சில். வருடம் ஒருமுறை பறக்கிறவர். "ஐயோ வசந்தா, அவசரப்பட்டுக் கைய வெக்காத. கடைசி வரைக்கும் உட்டுட்டு கவுண்டர்ல போயி மெர்சின்னு நன்றி சொல்லிக் கேளு, குடுப்பாங்க" என்றார்.

யார் பேச்சைக் கேட்பது? தம்பி பேச்சைக் கேட்டேன். செக்-இன் திறந்ததும் உள்ளே நுழைந்தேன். வந்த சீட்டைப் பார்த்தேன். எனக்கும் யாழினிக்கும் எட்டாவது வரிசையில் அக்கம்பக்கம். அவருக்கு வால் பக்கம், கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், நடு சீட்.

பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். தம்பிதான் சொன்னான். சரி, குழந்தைக்கு விதி இருக்கிறது. நாற்பத்தாறு வயதுக் குழந்தைக்கு?

போனோடு மாடிக்கு ஓடினேன். மார்த்தா அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களைப் படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மொன் தியே! ஒங்க மூணு பேருக்கும் நோம் ஒண்ணா இல்லியே வசந்தா!"

நோம் என்றால் பிரெஞ்சில் குடும்பப் பெயர். மார்த்தா அக்கா வீட்டில் தாத்தா காலத்திலிருந்து அத்தனை பேருக்கும் வாலில் ஒரே பெயர். நம் வீட்டுக் கதை அப்படியா? ஃபார்மில் 'லாஸ்ட் நேம்' என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? அப்பா பெயரைப் போடுகிறோம், இல்லாவிட்டால் புருஷன் பெயரை. நான் வசந்தா முருகையன். மகள் யாழினி முருகையன். அவர்? முருகையன் தனகோட்டி.

"கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும்? முருகையனும் முருகையனும் ஒரு ஃபமீய். தனகோட்டின்னு எவனோ தனியா போறான்னு பின்னாடி தள்ளிடுச்சி" என்றார் அக்கா.

கம்ப்யூட்டர் நிஜமாகவே அப்படித்தான் யோசிக்கிறதா? தெரியாது. தம்பியைக் கேட்டால் "சும்மா கத உடறாங்க" என்கிறான். எனக்கு மட்டும் ஒரு விஷயம் தாங்கவில்லை. யார் பெயரை நாங்கள் இரண்டு பேரும் முதுகில் கட்டிக்கொண்டு திரிகிறோமோ, அந்த மனிதரே குடும்பத்தில் இல்லையாம்!

அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. பெட்டி போடும் கவுண்டரில் கேட்டேன். "கேட்ல கேளுங்க மேடம்." கேட்டில் ஒரு சின்னப் பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு, சிரித்த முகம். அவளிடம் மெதுவாகச் சொன்னேன், "அவருக்குக் கொஞ்சம் பயம்ம்மா..."

"இருங்க மேடம், யாராவது வரலைன்னா மூணு சீட்டு சேர்ந்தாப்புல கிடைக்கும். கூப்பிடுறேன்" என்றாள்.

அந்த நிமிடமே குலதெய்வத்துக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். யாழினி கண்ணாடிச் சுவர் பக்கம் நின்று விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் தண்ணீர் பாட்டிலை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மைக்கில் வந்தது. "பயணி திரு. தனகோட்டி, எங்கிருந்தாலும் உடனே கேட்டுக்கு வரவும்."

இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஏய் வசந்தா, எங்கப்பா பேரு! இந்தக் காலத்துல தனகோட்டின்னு யாருக்கு வெச்சிருக்காங்க? ஆளு யாருன்னு பாப்போம், இரு."

நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை! வீட்டில் மாமனார் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வெற்றிலை போட்ட அந்த வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

"பாவம், எந்த ஊர் மனுஷனோ. தூங்கறாப்புல இருக்குது" என்று உச்சுக் கொட்டினார் இவர்.

யாழினி ஓடி வந்தாள். "ப்பா! டிக்கெட்ல ஒன் பேருக்குப் பின்னாடி தனகோட்டின்னுதானே போட்டிருக்குது? அது நீதான் ப்பா!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பைக் காணோம். "மூணு தடவை கூப்பிட்டேனே சார்... கைக்குழந்தையோட ஒரு ஃபேமிலி நின்னாங்க. அவங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எங்கப்பாவும் இப்படித்தான், கூப்பிட்டா லேசுல திரும்ப மாட்டாரு" என்று அவரே சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் கேட்டார், "எந்த சீட்டு? யாருக்கு?"

இனி மறைத்து என்ன பயன்? சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பாட்டிலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் பஸ் புடிச்சி பாண்டிக்குப் போறேன்" என்றார்.

வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. யாழினி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. விமானக் கம்பெனி மேலா, கொள்கை பேசிய எங்கள் மேலா, வராத மாமனார் மேலா?

அந்த மதுரைப் பெண்தான் சொன்னாள். "மேடம், பாப்பா பக்கத்துல ஒரு பேரண்ட் இருந்தா போதும். அம்மாதான் இருக்கணும்னு இல்லையே. நீங்க பின்னாடி போயிட்டு, சாரை எட்டாவது வரிசைக்கு அனுப்பலாமே?"

அட! இவ்வளவு அலைந்தேனே, இது ஏன் என் மரமண்டைக்குத் தோன்றவில்லை? ஆனால் அவர் அசைந்து கொடுக்கவில்லை. "சின்னப் புள்ள கையப் புடிச்சிக்கினு போறதா?" என்று முணுமுணுத்தார்.

யாழினி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "ப்பா... எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்குது. நீ வாயேன்."

அந்த மனிதர் மாறியதைப் பார்க்க வேண்டுமே! முதுகு நிமிர்ந்தது. பையைத் தோளில் மாட்டினார். "புள்ள பயப்படுது, இங்க நின்னு என்னாத்தப் பேசிக்கினு இருக்கற?" என்று என்னைத் திட்டிவிட்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

நான் வால் பக்கம் நடு சீட்டில். ஒரு பக்கம் குறட்டை, மறுபக்கம் லேப்டாப். மேலே ஏறும்போது அவர் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. கடலுக்கு மேல் போனதும் விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. என் உள்ளங்கை இரண்டும் வேர்த்து ஊற்றியது. பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

இறங்கியதும் அவர்தான் முதலில் பேசினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாவம் வசந்தா, புள்ள நல்லா பயந்துடுச்சி. கடைசி வரைக்கும் நான் கைய உடவே இல்ல. நான் மட்டும் பக்கத்துல இல்லன்னா என்னா ஆயிருக்கும்?"

அவர் பெட்டி எடுக்கப் போனதும் யாழினியைக் கேட்டேன். "நெஜமா பயந்தியாடி?"

"ச்சே, இல்லம்மா. செம ஜாலியா இருந்துச்சு. கைதான் வலிக்குது." விரல்களை உதறிக் காட்டினாள். "அப்பா கிட்ட சொல்லாத."

மூன்று வாரமாக "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று நான் ஓதிக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுக் குழந்தை "எனக்குப் பயமா இருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டது. யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தமான் அழகாக இருந்தது. அது வேறு கதை. ஊர் திரும்புவதற்கான செக்-இன் திறந்தது. அவர் ஹோட்டல் கட்டிலில் சாய்ந்தபடி, "நான் யாழினி பக்கத்துல ஒக்காந்துக்கறேன். நீ எங்கயாவது ஒக்காந்துக்க" என்றார்.

போனில் அந்தக் கலர் கட்டங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன், "ஏங்க... எனக்கும் பயமாத்தான் இருக்குது."

பொய்யா மெய்யா, எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? துட்டு போனா போவுது. மூணு சீட்டையும் ஒண்ணா வாங்கு. நடுவுல நான் ஒக்காந்துக்கறேன், ஆளுக்கொரு கையப் புடிச்சிக்குங்க" என்றார்.

காசு கொடுக்காமல் சேர்ந்து உட்கார வழி தெரிந்த வாசகர்கள், தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்!