ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லும் தரகர்

மங்கலத்தில் எங்கள் சபைக்கு வரும் கல்யாணத் தரகர் அம்மாவை நான் நம்பியதே இல்லை. எதைக் கேட்டாலும் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். "ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்பார். மூடிய இமை ஓரமாக எங்கள் வீட்டுச் சாமான்களை எடைபோடுகிறார் என்றே நினைப்பேன்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகளுக்கு உடுமலைப்பேட்டை வரனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தென்னந்தோப்பு உள்ள குடும்பம். எனக்குப் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவர், சமையலறையில் மகளோடு காபி குடித்துவிட்டு வெளியே வந்தார்.

"இந்த எடம் வேண்டாமுங்க. ஆண்டவர் வேண்டாங்கறாருங்க."

வேறு பெண் வீட்டார் யாரோ அவரை மடக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"ஆண்டவர் சொன்னாருங்களா, உள்ள எம்பட புள்ள சொன்னாளுங்களா?" என்று கேட்டேன்.

அவர் தடுமாறவில்லை. "ஒரு மாசமா ஜெபம் பண்றனுங்க, பதிலே வரலீங்க. இன்னைக்குத்தான் வந்துச்சுங்க. அவரு யாரு வாயில சொன்னா என்னங்க?"

உள்ளே மகள் டம்ளர் கழுவும் சத்தம் நின்றுபோனது.

நிச்சயத்தை நிறுத்தினேன். மகள் என்ன சொன்னாள் என்று இருவரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த அம்மாமேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த வரனையும் அவர்தான் பார்க்கிறார்.