தெளிந்த கிணறு

மாதிரி எடுத்த கிணற்றில், ஆய்வு முடிவு வரும்வரை எதையும் கலக்கக் கூடாது. குடிநீர் ஆய்வகத்தில் இருந்தவரை இந்த விதியை எல்லோருக்கும் பாடமாக எடுத்தவன் நான். மீறியவர்களுக்கு மெமோவும் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்புக்குச் செயலாளர் ஆனேன். பின்பக்கம் பாசி பிடித்த பாழுங்கிணறு ஒன்று இருந்தது. மாடி வீட்டுக் கவிதா, நுண்ணுயிர்களின் மரபணுவைப் படிக்கும் ஆராய்ச்சி மாணவி. அதிலிருந்து ஒரு பாட்டில் நீரை ஆய்வுக்கு அனுப்பினாள்.

"அங்கிள், ரிசல்ட் வர்ற வரைக்கும் கிணத்துல ஒண்ணும் போட்டுடாதீங்க. என் தீசிஸே அதுலதான் இருக்கு."

"எனக்கே ரூல் சொல்றியாம்மா?" என்று சிரித்தேன்.

மாதங்கள் போயின. ஆயுத பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தோம்.

"இன்னா சார், மோட்டாருக்குப் பொட்டு வச்சிட்டு, கெணத்த மட்டும் நாறவுட்டுகினு கீறீங்க?" என்றார் வாட்ச்மேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் மூட்டையை நானே கவிழ்த்தேன்.

கவிதாவுக்கு வந்த பதில் இதுதான்: அந்த நீரில் பாக்டீரியா அளவுக்குப் பெரிய வைரஸ் ஒன்றின் மரபணு கிடைத்திருக்கிறது. அதில் பாதி, அறிந்த எந்த உயிரோடும் ஒத்துப்போகவில்லை. வளர்த்துப் பார்க்க, அதே கிணற்றிலிருந்து புது நீர் அனுப்பவும்.

அவள் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "பரவால்ல அங்கிள்" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது கிணற்றில் அடிவரை தெரிகிறது. எட்டிப் பார்க்கும்போதெல்லாம், பெயர்கூட வைக்கப்படாத ஒன்று அங்கிருந்து என்னைப் பார்க்கிறது.

பவுடர் கொட்டியது ஆயுத பூஜைக்கு முதல் நாள். பதில் வந்தது பூஜையன்று காலை.