லண்டன் பெட்டியில் ஜெர்மனி டப்பா

இன்று காலை, இந்தி பேசும் எங்கள் வானவடிப் பகுதியின் கூரியர் கடையில், எனக்கு முன்னால் ஒரு தமிழ் ஆன்ட்டி. மேஜை மேல் இரண்டு பெட்டிகள். ஒன்று லண்டனில் இருக்கும் மகனுக்கு, இன்னொன்று ஜெர்மனியில் இருக்கும் மகளுக்கு.

நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டதும் திரும்பி, தானாகவே ஆரம்பித்தார்.

"முன்னெல்லாம் ஒரே பெட்டிதான்பா. லண்டனுக்குப் போகும். அவன் பிரிச்சு தங்கச்சிக்கு அனுப்புவான். பிரிட்டன் யூரோப்பியன் யூனியனை விட்டு வெளிய வந்தாலும் வந்துச்சு, இங்கேர்ந்து போறப்ப ஒரு கஸ்டம்ஸ், அங்கேர்ந்து போறப்ப இன்னொரு கஸ்டம்ஸ். பருப்புப்பொடிக்கு ரெண்டு தடவ வரி கட்ட முடியுமா?"

"தனித்தனியா அனுப்பறதும் நல்லதுதானே ஆன்ட்டி?"

"நல்லதுதான். ஆனா பங்கு போடற சாக்குலதான் ரெண்டும் பேசிக்கும். இப்ப அதுவும் நின்னுபோச்சு."

கடைக்காரர் சரிபார்க்க லண்டன் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியில் மகளின் பெயர். ஜெர்மனிப் பெட்டியில் மகன் பெயர் எழுதிய டப்பா.

"ஆன்ட்டி, யே தோ கலத் ஹை," தப்பாக மாறியிருக்கிறதே என்றார் இந்தியில்.

"ரெஹ்னே தோ பையா," இருக்கட்டும் தம்பி என்று ஆன்ட்டி அதை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்து, டேப்பையும் தன் கையாலேயே ஒட்டினார்.

பிறகு என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: "என் பொடி எங்கடான்னு போன் போட்டு சண்டையாவது போடட்டும்."

ஐரோப்பாவை மறுபடி ஒன்று சேர்ப்பது அவர் வேலை இல்லை. மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் அந்த வேலையை எந்த டப்பா செய்கிறது?