மோகன்குமாரின் மீன்தொட்டி

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தின் கடைசியில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் மீன் விட்டிருப்பார்கள். சுத்தமான தண்ணீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் வெளியே போகும். வருகிற பெரிய மனிதர்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்தி, "பாருங்க சார், மீனே உயிரோட இருக்கு" என்பார்கள். அவர்களும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். பக்கம் பக்கமாக அறிக்கை எழுதினாலும் அதை யாரும் படிப்பதில்லை. மீனை எல்லோரும் பார்ப்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்த மீன்களுக்குப் பொறுப்பு மோகன்குமார்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். சுற்றுச்சூழல் அதிகாரி. விசிட்டிங் கார்டில் ஒரு வரி போதாத அளவுக்கு நீளமான பதவி, கேன்டீனில் மட்டும் "செடி சார்". நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். இந்த மாதிரி பதவிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு மரக்கன்றை நட்டு, போட்டோ எடுத்து, அடுத்த ஜூன் வரை அதற்குத் தண்ணீர் ஊற்ற மறக்கிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். ஆனால் மோகன்குமார் அந்த ரகம் இல்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சகதிக்குள் இறங்குவார். காலையில் வந்ததும் டீயைக்கூடத் தொடாமல் தொட்டிக்குப் போய் மீன்களுக்குப் பொரி போடுவார். அவர் மனைவி லாவண்யா போன் செய்தால், "பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார். அவர்களுக்கு அப்போது குழந்தை கிடையாது.

கம்பெனிக்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அந்தப்பக்கம் மாதப்பனின் நிலம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் விற்றுவிட்டுப் போன பிறகும் அவரும் அவர் மனைவி சரோஜம்மாளும் மட்டும் விற்காமல் பட்டன் ரோஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போர்வெல் வற்றிப்போனபோது, எங்கள் தொட்டியிலிருந்து வெளியேறிக் கம்பெனித் தோட்டத்துக்குப் போகும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தன் தோட்டத்துக்கு விட்டுக்கொள்ளலாமா என்று மாதப்பன் கேட்டார். வாய்க்கால் தோட்டத்தில் நுழையும் இடத்தில் மண்ணால் ஒரு மடை. வேண்டியபோது திறந்துகொள்ளலாம், வேண்டாவிட்டால் அடைத்துக்கொள்ளலாம்.

மோகன்குமார்தான் அவருக்கு வாக்குக் கொடுத்தார். "அண்ணாச்சி, எங்க ரிப்போர்ட்டு எதுவும் உங்களுக்கு வேண்டாம். காலையில வேலியோரம் வந்து தொட்டியைப் பாருங்க. மீன் துள்ளுச்சுன்னா மடையைத் திறங்க. மீன் செத்துக் கிடந்தா அடைச்சிருங்க. அவ்வளவுதான்."

மாதப்பனுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் வருவார். மீனைப் பார்ப்பார். போய் மடையைத் திறப்பார்.

இரண்டாயிரத்தெட்டு முடியும் சமயத்தில் காசு உள்ள தேசங்களில் யாரோ செய்த கோளாறுக்கு எங்கள் ஊரில் லாரிகள் நின்றுபோயின. காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. கார் வாங்க ஆளில்லை என்றால் எங்களுக்கு என்ன வேலை? நைட் ஷிஃப்ட் போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேப்பனப்பள்ளிக்கும் அஞ்செட்டிக்கும் பஸ் ஏறினார்கள். எங்கள் பிளாண்ட் ஹெட் கமலக்கண்ணன் ஒவ்வொரு துறையாகப் போய் எதை நிறுத்தலாம் என்று கேட்டார். மோகன்குமாரிடம் கேட்கவில்லை, சொன்னார்.

"சுத்திகரிப்புக்குப் போடுற மருந்தைப் பாதியாக் குறைங்க. காத்தடிக்கிற மோட்டார் இவ்வளவு நேரம் ஓட வேண்டாம். தண்ணி தண்ணிதானே, யார் குடிக்கப் போறாங்க?"

மோகன்குமார் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. மருந்துப் பீப்பாய்கள் என் ஸ்டோர்ஸில் அப்படியே தேங்கின. கொஞ்ச நாளில் ஒரு காலை தொட்டியில் மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நேரம் பார்த்து மறுநாள் புனேயிலிருந்து வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் இருக்கிற ஆட்களாவது மிஞ்சுவார்கள். மோகன்குமார் மாதப்பன் வருவதற்குள் செத்த மீன்களை வலையால் அள்ளிப் புதைத்தார். ஓசூரில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போய் நல்ல கொழுத்த மீன்களாக வாங்கிவந்தார். அவை பிழைக்க வேண்டுமே என்று, தொட்டிக்குள் வரும் குழாயை அடைத்துவிட்டு, எங்கள் போர்வெல் தண்ணீரை அதில் நிரப்பினார். கம்பெனித் தண்ணீரை வேறு குழாய் வழியாகத் தொட்டியைச் சுற்றிக் கொண்டுபோய் நேராக வாய்க்காலில் விட்டார். ஒருநாள் கூத்துதானே, வந்தவர்கள் போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார்.

வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள், ஆர்டர் கொடுத்தார்கள். கமலக்கண்ணன் மோகன்குமார் தோளில் தட்டி, "இப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே இருந்தது. மாதப்பனிடம் மடையை அடைக்கச் சொல்லலாம்தான். ஆனால் அடைத்தால் அந்தக் கெட்ட தண்ணீரை விட வேறு இடமில்லை, கம்பெனித் தோட்டத்துக்கும் விட முடியாது. அதைவிட, ஏன் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மோகன்குமார் வாயைத் திறக்கவில்லை. மாதப்பன் தினமும் வந்தார். மீன் துள்ளியது. மடையைத் திறந்தார்.

இந்த அழகில், தொழிலதிபர்கள் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நெருக்கடி நேரத்திலும் ஊக்கம் குறையாமல் வேலை செய்வது எப்படி என்று பேச ஆள் தேடினார்கள். கமலக்கண்ணன் மோகன்குமார் பெயரைக் கொடுத்தார். மறுக்க முடியாமல் இவரும் போய் மேடையேறினார். என்ன பேசுவது என்று தெரியாமல் கடைசியில் மீனைப் பற்றியே பேசினார். "தினமும் காலையில அந்த மீன்களைப் பார்ப்பேன். அது உயிரோட இருக்குன்னா என் வேலையில அர்த்தம் இருக்குன்னு தோணும்" என்றார். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்ததால் நன்றாகவே பேச வந்தது. அரங்கம் கைதட்டியது. சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் நிற்காதா என்று இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை மாதப்பன் வேலியோரம் நின்றிருந்தார். கையில் ஒரு ரோஜாக் கிளை.

"சார், கோச்சிக்காதீங்க. மீனுங்களைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார்.

"மீனுக்கு என்ன அண்ணாச்சி?"

"தண்ணி என்னமோ மாறிப்போய் இருக்குது சார். இதப் பாருங்க, இலையெல்லாம் ஓரம் கருகுது, மொட்டு பூக்காமலே கொட்டிக்கினு இருக்குது. செடிக்கே இப்படின்னா, பாவம், அந்த வாயில்லாத சீவன் நாள்பூரா அதுலயேதானே கிடக்குது? அதுக்கு ஏதாச்சும் ஆயிட்டா உங்க வேலைக்கு ஆபத்து வந்துடும்னு சரோஜா சொல்லுச்சு. அதுக்கோசரம்தான் வந்தேன்."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றார் மோகன்குமார். தோட்டம் கருகிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் மீனுக்காகவும் எனக்காகவும் கவலைப்பட்டு வந்து நிற்கிறார், நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று கேட்டார். இதை என்னிடம் சொல்லும்போதுகூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வேலியோரம் வாயால் சொல்லத் தெம்பில்லை அவருக்கு. போர் தண்ணீர்க் குழாயை மூடினார். அடைத்து வைத்திருந்த கம்பெனிக் குழாயைத் தொட்டிக்குள் திறந்துவிட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் மாதப்பன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"அப்ப இத்தினி நாளா இதுல இருந்தது போர் தண்ணியா சார்?"

"ஆமா அண்ணாச்சி."

மாதப்பன் திட்டவில்லை. கிளையைக் கீழே போட்டார். தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த சரோஜம்மாளைப் பார்த்து, "நீரு பிடபேடா" என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். தண்ணீர் விடாதே என்று அர்த்தம். பிறகு தானே போய் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்து, மேலே ஏறி நின்று மிதித்தார்.

மடை அடைபட்டதும் வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் கம்பெனிக்குள்ளேயே திரும்பியது. கமலக்கண்ணன் குதித்தார். முழு மருந்தையும் போட்டு, மோட்டாரையும் ஓட்டினால் நம்ம தோட்டத்துக்காவது விடலாம், இல்லையென்றால் பாகங்களைக் கழுவுகிற வேலையை நிறுத்துங்கள் என்று மோகன்குமார் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். என் பீப்பாய்கள் அன்றே ஸ்டோர்ஸை விட்டுக் கிளம்பின. கமலக்கண்ணனுக்கு நல்ல மனசு வந்து அல்ல, தண்ணீர் போக வழியில்லாததால்.

கருகின ரோஜாவை மாதப்பன் வேரோடு பிடுங்கிப் போட்டார். நட்டத்தைக் கம்பெனியிடம் வாங்கித் தருகிறேன் என்று மோகன்குமார் போனபோது, "வேணாம் விடுங்க சார்" என்று சொல்லிவிட்டார். மழையை நம்பிக் கேழ்வரகு விதைத்தார்.

அடுத்த வருடம் கார்கள் விற்க ஆரம்பித்தன. நைட் ஷிஃப்ட் திரும்ப வந்தது. வேறு கம்பெனியிலிருந்து மோகன்குமாருக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. ஆனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தொட்டியருகே நிற்பது மட்டும் விடவில்லை. மருந்து ஒரு பிடி குறைந்தாலும் என்னிடம் வந்து சண்டை போடுவார். "இன்னமும் எப்படிய்யா உமக்கு இதுல சலிக்கல?" என்று ஒருநாள் கேட்டேன். வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். அடைத்த மடைமேல் புல் முளைத்திருந்தது.

தொட்டியில் மறுபடியும் மீன் விட்டிருந்தார். இந்த முறை கம்பெனித் தண்ணீரிலேயே அவை குஞ்சு பொரித்தன. போர் குழாயைத் தொட்டியருகே வரவிடாமல் வெட்டியே எடுத்துவிட்டார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வேலியோரம் போய் மாதப்பனைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"அண்ணாச்சி, தண்ணி இப்ப நல்லாயிருக்கு. வந்து பாருங்க, மீன் எப்படித் துள்ளுதுன்னு."

மாதப்பன் மரியாதைக்காக வேலி வரைக்கும் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டியை நன்றாகவே எட்டிப் பார்த்தார்.

"மீனு நல்லாத்தான் இருக்குது சார்" என்றார். மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."