பதினொரு சுற்று

சீப்பின் வாலால் கலக்குகிறார். சரியாகப் பதினொரு சுற்று. டம்ளரில் சோடா உப்பின் நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்கு. பிறகு சுவர்க்கண்ணாடியே அதிரும்படி ஓர் ஏப்பம். அதற்கப்புறம்தான் அடுத்த தலை. எங்கள் சலூன்காரருக்கு நெஞ்செரிச்சல். ஒன்பது வருடமாக வைத்தியரும் அவரே, நோயாளியும் அவரே.

“டாக்டர் என்ன சார், நம்ம வயித்துக்குள்ள குடியா இருக்காரு?” என்பார், என் தொண்டைமேல் கத்தியை வைத்துக்கொண்டு. அந்த நிலையில் நான் யாருடைய கருத்தையும் மறுப்பதில்லை.

போன மாதம் வைத்தியத்தைத் தீவிரப்படுத்தினார். “புளிப்பு வெளிய வந்தாத்தான் நிம்மதி” என்று பின்பக்கம் போய் விரல்விட்டு வாந்தி எடுப்பார்; வந்ததும் சோடா உப்பு டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி. மூன்றாம் நாள், என் இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு வரும்போது, அவருடைய ஐந்து விரல்களும் கவளத்தைப் பிடித்ததுபோல் குவிந்து இறுகிக்கொண்டன. பிரிக்க வரவில்லை. கத்தி என் மடியில் விழுந்தது. அது விழுந்த திசைக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

பாதித் தாடியோடு நானும், கல்லாவில் இருந்த அவர் மனைவியும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “வயித்துல இருந்த அமிலத்தை வாந்தியில கொட்டிட்டீங்க. அது போதாதுன்னு சோடாவை வேற வாரிப் போட்டிருக்கீங்க. ரத்தத்துல காரத்தன்மை ஏறிடுச்சு, அதான் விரல் இறுகிடுச்சு. பாவம், நுரையீரல்தான் மூச்சைக் குறைச்சு, கரியமில வாயுவை உள்ளயே பிடிச்சு வெச்சு சமாளிச்சிருக்கு.”

“ரெண்டு நாளா மெதுவா மூச்சு விட்டாரும்மா,” என்றார் மனைவி. “மனுஷனுக்குப் பொறுமை வந்துடுச்சுன்னு நான் சந்தோஷப்பட்டேன்!”

கையில் உப்புநீர் ஏறியது, கூடவே பொட்டாசியம். இரண்டு நாள் படுக்கை. எரிச்சலுக்கு முறையான மாத்திரை. “மறுபடி சோடாவைத் தொட்டா இதயம் தாளம் தப்பும். கையும் இப்படித்தான் இறுகும்,” என்றார் டாக்டரம்மா. இதயத்தைச் சலூன்காரர் பொருட்படுத்தவில்லை. கை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. “கை போச்சுன்னா நான் யாரு சார்?”

நேற்று சலூனுக்குப் போனேன். டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். சவரத்தின் நடுவே நெஞ்சைத் தடவிக்கொண்டார். கத்தியை வைத்தார். டம்ளரை எடுத்தார். சீப்பைத் தேடினார்.

“ஏங்க...” என்றார் மனைவி.

என் கழுத்து தானாகவே உள்ளே போனது. அவர் கலக்கினார், பதினொரு சுற்று. நுரைக்கவில்லை, வெறும் தண்ணீர். ஒரே மடக்கில் குடித்து, ஏப்பத்துக்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு, கத்தியை எடுத்தார்.