தலைப்பில் மீண்ட வாழ்வு

சுனாமிக்குப் பிறகு நிவாரண அலுவலகமொன்றில், கொடுத்த உதவிகளின் கணக்கைக் காட்டும் வரைபு கீறுவது என் வேலை. செட்டிபாளையம் என்ற கரையோர ஊரின் வரைபில் படகுகளின் எண்ணிக்கையைக் காட்டும் சலாகைப் பட்டை உயர்ந்து நின்றது. வலைக்கானது தரையோடு கிடந்தது. ‘படகு வந்தது, வலை வரவில்லை’ என்று தலைப்பிட்டேன். உதவி கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று மேலதிகாரி அதை அழித்து, ‘மீனவர் வாழ்வு மீண்டது’ என்று பெரிய நீல எழுத்தில் போட்டார். வந்தவர்கள் தலைப்பை மட்டும் வாசித்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

வலை கேட்டு வந்திருந்த மீனவர் ஒருவரும் அதை வாசித்தார்.

“இனி வலை கேட்டா எங்களத்தானே தம்பி பொய்யரெண்டு சொல்லுவாங்க?” என்றார்.

சில வருடங்களில் போரும் முடிந்தது. இடம்பெயர்ந்திருந்து வயலுக்குத் திரும்பியவர்களிடம் விதைநெல் இல்லையென்று இன்னொரு வரைபு கீறிக் கொடுத்தேன். தலைப்புக்காக மேலதிகாரி மினக்கெடவே இல்லை. பழையதில் ‘மீனவர்’ என்பதை மட்டும் ‘விவசாயிகள்’ ஆக்கினார்.