விலாசம் கேட்டு வந்தவர்

அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்...

இந்த நினைப்போடுதான் அறிவுச்செல்வி இன்றைக்கும் கண் விழிக்கிறாள். பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்தச் சொல் அவள் நாக்கின் அடியில் கிடக்கிறது. கெட்ட சொல் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர்கள் பேசத் தொடங்கியதுமே கற்றுக்கொள்கிற சொல். யார் வாசலில் நின்றாலும் முதலில் வாயில் வருகிற சொல்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது நடந்தது பட்டப்பகலில், சேலம் அம்மாபேட்டையில், கீழே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் மாடியில். அவள் சொன்னதற்கு மேல் இதில் எதுவும் ஒட்டவைக்கப்படவில்லை.

விலாசங்களைச் சரிபார்ப்பது அவளுடைய வேலை. பார்சல் கம்பெனிகளுக்காகச் செல்லமுத்து என்பவர் நடத்தும் சின்ன அலுவலகம் அது. சனங்கள் விலாசத்தை ஒழுங்காகவா எழுதுகிறார்கள்? ‘மேச்சேரி ரோடு, ஆட்டுச் சந்தை தாண்டி, நீலக் கேட்’ என்று எழுதிவிட்டு, பார்சல் வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அதையெல்லாம் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று பிரித்து, விட்டுப்போனதை நிரப்ப ஒரு மென்பொருள் இருந்தது. அதற்குப் பிடிபடாதவை மட்டும் அறிவுச்செல்வியின் திரைக்கு வரும். கீழே இரண்டு பொத்தான்கள். ‘சரி’, ‘இல்லை’. ‘சரி’யை அழுத்தினால் முழு விலாசமும் கேட்டவருக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் ஒரு பேரையும் ஊரையும் போட்டாலே மென்பொருள் மிச்சத்தைக் கொட்டிவிடும். ஒளிந்து வாழ்ந்த ஒரு பெண்ணின் வீட்டை அப்படித்தான் ஒருவர் கண்டுபிடித்தார் என்று புகார் வந்தது. அதன் பிறகு செல்லமுத்து ஒரு விதி வைத்தார். பேரை வைத்துக் கேட்டால், விலாசத்துக்கு உரியவரைப் போனில் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

அன்றைக்கு ஆடி வெள்ளி. உச்சிப்பொழுது.

“அக்கா, பிரியாணி வாங்கப் போறேன். அம்மன் கண்ணுல பட்டா நீங்கதான் எனக்காக வேண்டிக்கோணும்” என்றான் கூட வேலை பார்க்கும் யோகேஷ்.

“அம்மன் மன்னிச்சுருவா. உங்கம்மா கண்ணுல படாமப் பாத்துக்க.”

சிரித்துக்கொண்டே இரும்புப் படியில் தடதடவென்று இறங்கிப் போனான். செல்லமுத்து ஈரோட்டுக்குப் போயிருந்தார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அப்போது கரண்ட் போனது.

கீழே தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. பேட்டரியில் அவள் திரை மட்டும் எரிந்தது. அந்த நிசப்தத்தில்... வேறொரு சத்தம் கேட்டது. எங்கோ தூரத்தில், பூமிக்கு அடியில் இருந்து வருவது போல. கடகட... கடகட... கம்ப்ரசர் சத்தம். யாரோ எங்கோ ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். அவள் அப்பாவும் ரிக்கில் வேலைக்குப் போனவர்தான். ஆறு மாதம் வடக்கே கிடந்துவிட்டு, காது மடலில் பாறைத் தூளோடு வந்து நிற்பார். பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அவர் முகம் படும் பாட்டை அவள் மறந்ததே இல்லை.

திரையில் ஒரு விலாசம் வந்தது.

‘சத்யபிரியா, பள்ளிபாளையம்.’

அவ்வளவுதான். ‘இல்லை’யை அழுத்தினாள்.

‘சத்யபிரியா, பள்ளிபாளையம், ஆத்தோரம்.’

இல்லை.

‘சத்யபிரியா, பள்ளிபாளையம், பேப்பர் மில் சங்கு கேக்கற ஊடு.’

அவள் கை நின்றது. யாரோ தெருத் தெருவாக நடந்துகொண்டே தட்டச்சு செய்வது போல இருந்தது. கண்ணைக் கட்டிவிட்ட ஆள், சுவரைத் தடவித் தடவி வருவது போல.

‘பழைய ஊட்டுல ஆருமில்லீங்க. எங்கீங்க?’

போன் அடித்தது.

“ஏனுங்க, விலாசம் பாத்துச் சொல்றதுங்களா?” பணிவான ஆண் குரல். பின்னால் அதே கடகட. “எம்பேரு தனபாலுங்க. சத்யபிரியா ஊட்டுக்காரன். ரிக்குல வடக்க போயிட்டு வந்தனுங்க, ஊடு மாறிப்போச்சு. நேர்ல வரலாங்களா?”

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

“அதுக்கென்னங்க... வாங்க” என்றாள்.

போனை வைத்தாள். நிமிர்ந்தாள்.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இரும்புப் படியில் சத்தமே கேட்கவில்லை. பூனை ஏறினாலும் அதிரும் படி அது. பக்கத்துத் தெருவில் இருந்து பேசியிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் பொத்தான் இல்லை. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளைத் தூள். புதிதாகத் துளைத்த பாறையின் ஈர வாசனை அறை முழுவதும் பரவியது.

உட்காரச் சொன்னாள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அவர் தொடவில்லை.

“போன் பண்ணிப் பாத்தீங்களா?”

“எங்கொரலு கேட்டா வெச்சுப்போடறாங்க.”

“சண்டைங்களா?”

“சண்டையெல்லாம் இல்லீங்க. சின்னப் பாப்பாவப் பாக்கோணும். பெரியவ எங்கூடத்தான் இருக்கறா. தங்கச்சி வேணும், தங்கச்சி வேணும்னு ஒரே அழுவாச்சி. தனியா இருக்கறாளாமா... பாவங்க.”

அவர் கண் இமைக்கவில்லை. தூள் உறுத்துமே, ஏன் இமைக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், தங்கைக்காக அழும் அந்தப் பிள்ளை மனசுக்குள் வந்துவிட்டது. பேரைப் போட்டுத் தேடினாள். இருந்தது. சத்யபிரியா, பள்ளிபாளையம். தெரு, கதவு எண், போன் நம்பர், எல்லாம்.

விரல் ‘சரி’யின் மேல் போய் நின்றது.

நாற்காலி நகரவில்லை. ஆனால் அவர் கொஞ்சம் பக்கத்தில் இருந்தார்.

“அமுத்துங்க சாமி” என்றார்.

விரலை எடுத்தாள். “அவங்களை ஒரு வார்த்தை கேக்கோணுங்க. கேக்காமக் குடுக்கக்கூடாது. நாளைக்குச் சொல்றேன்.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அப்ப நாளைக்கு வாரனுங்க.”

கரண்ட் வந்தது. தறிகள் ஒரே நேரத்தில் அலறின. திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

யோகேஷ் பொட்டலத்தோடு ஏறி வந்தான்.

“படியில ஒருத்தர் எறங்குனாரா?”

“ஆரும் எறங்கலியே. கீழதான் நின்னு போன் பேசிட்டு இருந்தேன்.” மேசையைப் பார்த்தான். “ஏனுங்க்கா, டம்ளர்ல சிமெண்டு கரைச்சு வெச்சிருக்கீங்க? எனக்கு மோருன்னு குடுக்கவா?”

டம்ளர் விளிம்புவரை சாம்பல் நிறச் சேறு. கவிழ்த்தான். விழவில்லை. இறுகிப் போயிருந்தது.

சாயங்காலம் அவள் சத்யபிரியாவுக்குப் போன் செய்தாள். விலாசம் கேட்டு ஒருவர் வந்தார், தனபால் என்று சொன்னார்... அவ்வளவுதான் சொன்னாள். எதிர்ப்பக்கம் மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

“என்ன சட்டைங்க?”

“நீலக் கட்டம். மேல் பொத்தான் இல்ல.”

“அந்தச் சட்டையோடதானுங்க எரிச்சாங்க.”

“எரிச்சாங்களா?” என்றாள் அறிவுச்செல்வி.

“மூணு வருசமாச்சுங்க. வடக்க ரிக்கு சாஞ்சு அடியில சிக்கிட்டாரு. எங்களால போவ முடியல. அங்கயே எரிச்சு, போட்டோ அனுப்புனாங்க. செத்தவருக்கு ஊட்டு வழி தெரியக்கூடாதுன்னு திருச்செங்கோட்டை உட்டுச் சங்ககிரிக்கு மாறுனோம். அங்கயும் வந்துட்டாரு. கதவுக்கு வெளிய நின்னு கூப்புட்டாரு. இந்த விலாசம் எப்புடித் தெரியும்னு கேட்டுட்டேன்... ‘கம்ப்யூட்டர்ல பேரப் போட்டா வருது சத்யா’ன்னாரு. உங்காபீசுக்குப் புகார் குடுத்தது நாந்தானுங்க.”

“பெரிய பொண்ணு அவருகூட இருக்கறதா...”

கேட்டிருக்க வேண்டாம்.

“அன்னிக்கு அவதான் ஓடிப்போய்க் கதவத் தொறந்தா. ‘வாங்கப்பா’ன்னா. ராத்திரியே காச்சல். எந்திரிக்கவே இல்லீங்க.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “இனி எனக்குச் சின்னவ யுவஸ்ரீ மட்டுந்தான். அவளக் கூட்டிட்டுத்தான் பள்ளிபாளையம் வந்தேன். ஏனுங்க அக்கா... நீங்க அவர ‘வாங்க’ன்னு சொல்லிப்போடலீங்களே?”

அறிவுச்செல்வி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே செல்லமுத்துவிடம் முழுவதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மென்பொருளில் பேரை வைத்துத் தேடும் வழியை மூடினார். சத்யபிரியாவின் விலாசத்தை எடுத்தே விட்டார். “இனி எங்க தேடுனாலும் கெடைக்காதும்மா” என்றார்.

ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். தெரு, கதவு எண். கண்ணை மூடினால் தெரிந்தது. மென்பொருள் மறந்துவிட்டது. இப்போது அந்த விலாசம் இருந்த ஒரே இடம் அவள் தலை.

உச்சிப்பொழுது.

கீழே தறிகள் அடங்கின. பக்கத்து மேசையில் இருந்த யோகேஷ், கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனான். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

கடகட... கடகட...

படியில் சத்தமில்லை.

ஈரப் பாறை வாசனை.

கதவுக்கு வெளியே குரல். “ஏனுங்க... வரலாங்களா?”

வாய் தானாகத் திறந்தது. ‘வா’ என்ற எழுத்து உதடுவரை வந்துவிட்டது. பல்லால் உதட்டைக் கடித்தாள். உதட்டில் ரத்தம் கரித்தது.

“அப்படி ஒரு விலாசம் இங்க இல்லீங்க” என்றாள்.



கதவின் அடியில் வெள்ளைத் தூள் மெல்ல உள்ளே வந்தது. அதில் ஒரு சின்னக் காலின் தடம் விழுந்தது... ஐந்து விரலும் தெரிய.

பிறகு கதவின் கீழ்ப்பாதியில் இருந்து, ஒரு பெண் பிள்ளையின் குரல். அழுது ஓய்ந்த குரல்.

“எந்தங்கச்சி ஊடு எங்கீங்க்கா?”

அவள் கண்ணீர் மேசையில் விழுந்தது.

“சொல்ல மாட்டேன் சாமி” என்றாள், மெதுவாக.